குண்டு விழுந்த தூரம்

இரண்டாம் சனிக்கிழமை, ஊர் வரலாற்று நாள்.
ஷாமியானா கடையிலிருந்து நாற்பது நாற்காலி,
வழக்கம்போல் பதினொரு பேர்.
துறைமுகத்தில் ஏலம் முடியாமல்
கடலூர் ஓ.டி.யில் எந்த வரலாறும் தொடங்காது என்று
காப்பாட்சியர் அரைமணி தள்ளிவைத்தார்.
சுண்டல் ஆறியது.

நான் இங்கே தொகுப்பூதியம்.
டிக்கெட் கிழிப்பேன், மின்விசிறி போடுவேன்,
கண்ணாடிப் பெட்டிகளுக்குக் குறிப்பு தட்டச்சு செய்வேன்.
பொருளுக்கு இருபத்தைந்து சொல்,
அதற்குமேல் அட்டை கொள்ளாது.
பெட்டி எண் ஆறு:
பீரங்கிக் குண்டு. இரும்பு. ஐந்தரைக் கிலோ.
கிடைத்த இடம் சோனங்குப்பம்.
பதினேழாம் நூற்றாண்டாக இருக்கலாம்.
அந்த 'இருக்கலாம்' மட்டும் என்னுடையது.
எடுக்கச் சொல்லி யாரும் இதுவரை சொல்லவில்லை.

பேராசிரியர் இருதயநாதன் மைக் வேண்டாமென்றார்.
தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விற்றபோது
விலையோடு ஒரு பேச்சு இருந்ததாம்:
சுவர்மேல் பீரங்கியை ஏற்றிச் சுடுவது,
குண்டு போய் விழுகிற தூரம் மட்டும்
வாங்கியவனுக்கு.
தென்னை, உப்பளம், கிணறு,
கிணற்றடியில் பாதியில் நின்ற சண்டை,
எல்லாம் சேர்த்து.
அதனால் அவை குண்டு கிராமங்கள்.
"நிலம் அளக்க இதைவிடச் சுருக்கமான கயிறு
எங்கேயாவது உண்டா?"
பதினொரு பேரும் சிரித்தோம்.

வாசலில் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று
நின்றிருந்தவள் கேட்டாள்:
"சுடப்போறோம்னு சொல்லிட்டுச் சுட்டானுவளா சார்?"

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
திரும்பப் போட்டுக்கொண்டார்.
"ஆவணத்தில் அது இல்லம்மா."

அஞ்சலாட்சி. சோனங்குப்பம்.
கேள்வி கேட்க வரவில்லையாம்.
பெட்டி எண் ஆறைப் பார்க்க வந்தாளாம்.
தானே புயலுக்கு அடுத்த மாதம்
அவள் வீட்டுக்காரர் சைக்கிள் கேரியரில் கட்டிக்
கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனது.
நாங்கள் சான்றிதழ் கொடுத்தோம்,
லேமினேட் செய்து.

"அது செவுத்துல தொங்குது. அவருதான் இல்ல.
எங்க கருவாட்டுத் தொட்டியில
மீனு மெதக்காம பலகை போட்டு
மேல இதத்தான் வப்போம், இருபது வருசம்.
இப்ப கருங்கல்லு வச்சிருக்கேன்.
ஒரு பக்கமா சாயுது."

குண்டின் மேலெல்லாம் அம்மைத்தழும்பு போலக் குழிகள்.
முன்னூறு வருடக் கடல் அரித்தது என்று
எழுதியிருந்தோம்.
கல்லுப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

காப்பாட்சியர் நல்ல மனுஷன். பெட்டியைத் திறந்தார்.
கையுறை ஒரே ஜோடி,
அதையும் எங்கே வைத்தேனென்று நான் தேடும்போது
உப்பனாற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது.
வருகைப் பதிவுத் தாள்கள் பறந்தன.
கையெழுத்தோடு சென்னைக்குப் போகவேண்டியவை;
போகாவிட்டால் அடுத்த மாதச் சுண்டலுக்குப் பணமில்லை.
நாற்காலிகளுக்கு இடையே பதினொரு பேரும்
கோழி பிடிப்பதுபோல் குனிந்து ஓடினோம்.

பொறுக்கிவந்து மேசையில் வைத்த தாள்களின்மேல்
அவள் ஒரு கையால்
குண்டை எடுத்து வைத்தாள்,
தொட்டிமேல் வைக்கிற பழக்கத்தில்,
அதைப் பார்க்கக்கூட இல்லை.

"கையுறை, கையுறை!" என்றார் பேராசிரியர்.

தாள் அசையவில்லை.
மின்விசிறியை நான் நிறுத்தவும் இல்லை.

வீட்டுக்குக் கேட்பாள் என்று பயந்தோம்.
கேட்கவில்லை. சுண்டல் வாங்கிக்கொண்டாள்,
உப்பு பத்தவில்லை என்றாள்,
பன்னிரண்டாவதாகக் கையெழுத்துப் போட்டாள்.
ஐந்து மணிக்கு ஐஸ் வண்டி வருமாம்.

ஆள் போனபிறகு புது அட்டை எடுத்தேன்.
மீன், பலகை, பாரம், இருபது வருடம்.
சொல் எண்ணினால் முப்பத்தொன்று.
நூற்றாண்டை எடுத்தேன். கொள்ளும்போலிருந்தது.
பிறகு திரும்பச் சேர்த்தேன்.
இன்னும் முடிவாகவில்லை.

பதிவுத்தாளில் குண்டு இருந்த இடத்தில்
துரு வட்டமாக இறங்கியிருக்கிறது,
சரியாக 'ஊர்' என்ற கட்டத்தில்.
வேறு தாளில் எழுதி அனுப்பச் சொன்னார்கள்.
அதையேதான் அனுப்பினேன்.
சென்னையில் யாராவது
அதை மூக்கருகே கொண்டுபோவார்களா, தெரியவில்லை.